குழந்தையைக் குடை மாதிரி பிடிக்க முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மொழிப் பக்கத்தில் 'கேரி' (carry, சுமப்பது) என்ற ஆங்கில வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, தாய்லாந்து மொழியில் அதற்கு 'தூ' என்று ஒரே சொல்லைப் போட்டு முடித்துவிட்டீர்கள். பாங்காக்கில் சீலோம் பக்கம் 11 வருடம் குடியிருந்தவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

'தூ' தப்பில்லை. (நாம் துப்பும்போது சொல்கிற தூ இல்லை, உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டும்.) குடை, புத்தகம், தட்டு என்று கையில் பிடித்துப் போவதற்கெல்லாம் அதுதான் சொல். ஆனால் பையைக் கையில் தொங்கவிட்டுப் போனால் 'ஹியூ', தோளில் மாட்டிக்கொண்டால் 'சபாய்'. மூட்டையைத் தோள்மேல் ஏற்றினால் 'பேக்', தலையில் வைத்தால் 'தூன்'. கூடையை இடுப்பில் இடுக்கிப் போக 'கிரதியட்' என்று தனிச்சொல்லே உண்டு.

இது எனக்குப் புரிந்தது ஒரு அசட்டுத்தனத்தால். போன புதிதில் ஒரு நாள் வீட்டுப் பூட்டு திறக்காமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஒரு வயது மகன். எதிர்வீட்டு அம்மாளிடம் பையனைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளச் சொல்ல நினைத்து, தெரிந்த 'தூ'வைப் போட்டுக் கேட்டுவிட்டேன். அவர் குடை பிடிப்பதுபோல் ஒரு கையை நீட்டிக் காட்டிவிட்டுச் சிரித்தார். அப்புறம் பையனை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டு, "உம்... உம்" என்று எனக்குப் பாடம் நடத்தினார். குழந்தையைத் தூக்குவதற்கு 'உம்'தான்.

அந்த 'உம்' போகிற தூரம் கொஞ்சநஞ்சமில்லை. வயிற்றில் பிள்ளையைச் சுமப்பது 'உம் தோங்'. வாடகைத் தாயாக இருப்பது 'உம் புன்', அதாவது புண்ணியத்தைச் சுமப்பது. ஆளைக் கடத்திக்கொண்டு போய்க் காணாமல் ஆக்குவதற்கும் இதே சொல்தான். சித்திரவதையையும் ஆட்களைக் காணாமல் ஆக்குவதையும் தடுக்க 2022இல் அங்கே கொண்டுவந்த சட்டத்தைப் பேச்சுவழக்கில் 'உம் ஹாய்' சட்டம் என்கிறார்கள். 'ஹாய்' என்றால் காணாமல் போவது. பிள்ளையை அணைக்கிற சொல் அங்கே போய் நிற்பதை எனக்கு இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

'கேரி' பிறந்த கதையையும் நீங்கள் 'பிரெஞ்சிலிருந்து வந்தது' என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். நார்மன் பிரெஞ்சில் அதற்கு வண்டியில் ஏற்றிப் போவது என்று பொருள். அதற்கும் பின்னால் இருப்பது 'கர்ருஸ்' என்கிற லத்தீன் சொல். இன்றைய பிரான்ஸ் பக்கம் இருந்த 'கால்' (Gaul) நாட்டு மக்களின் வண்டிப் பெயரை ரோமானியர்கள் எடுத்துக்கொண்டது அது. கார், கார்கோ, சார்ஜ் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். மிதமிஞ்சிப் பாரம் ஏற்றிய படம் என்பதால் கேலிச்சித்திரத்துக்கு வந்த 'கேரிகேச்சர்' என்ற பெயரும் அந்த வழிதான். சக்கரத்தில் பிறந்த சொல், கையா தோளா என்று ஏன் கவலைப்படப்போகிறது?

நம் தமிழுக்கு அந்தக் கவலை உண்டு. ஏந்து, தூக்கு, சும, இடுக்கு என்று நாமும் பிரித்துத்தானே சொல்கிறோம். தண்டின் இரு முனையிலும் பாரம் கட்டி ஒருவர் தோளில் போட்டுப் போவது தாய்லாந்தில் 'ஹாப்', நம்மிடம் காவுவது. காவடியில் இருப்பதும் அதுதான். யாழ்ப்பாணத்தில் 'காவிக்கொண்டு வந்தான்' என்று இன்றும் சொல்கிறார்கள். ஒரே பாரத்தை இருவர் தண்டில் தூக்கினால் தாய்லாந்தில் அது 'ஹாம்'. மானத்தை விட்டு உதவி கேட்கப் போவதை 'பேக் நா', முகத்தைச் சுமந்து போவது என்பார்கள். 'எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்' என்று புலம்புகிற நமக்கு இதை ஆங்கிலம் வழியாகவா விளக்க வேண்டும்?

அடுத்த இதழில் 'வேர்' (wear, உடுத்துவது) என்ற ஆங்கிலச் சொல்லை எடுக்கப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அகராதியைத் திறக்கும் முன், இடுப்பில் கட்டும் வேட்டிக்கும் மேலே போர்த்தும் துண்டுக்கும் அங்கே தனித்தனி வினை உண்டா என்று பாருங்கள். உண்டு: 'நுங்', 'ஹொம்'.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.