பள்ளிப் பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்: டெல்டா மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சித் தலைவர்கள் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கு அனுப்பப்படாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளின் மனநலம் குறித்துச் சிலவற்றை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஊர்ப்புற நூலகங்களில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஆயினும் வேலை நாளின் முற்பகலில் தாயோடோ தந்தையோடோ நூலகப் படியேறும் பிள்ளைகளை நூலகர்களைப் போலப் பார்த்தவர்கள் உங்கள் நிர்வாகத்தில் வேறு எவரும் இருக்க மாட்டார்கள்.

அவர்கள் ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள் அல்லர். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பேச்சைக் கேட்டு நகரத்து வேலையை விட்டுவிட்டு, இங்கே நிலம் வாங்கி இயற்கை வேளாண்மை செய்பவர்களின் பிள்ளைகள் உண்டு. நாதசுரத்துக்கோ வாய்ப்பாட்டுக்கோ முழு நாளும் தேவை என்று நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. வகுப்பில் அடியும் அவமானமும் பட்டு வெளியேறியவர்கள், மெதுவாகக் கற்கிறார்கள் என்பதற்காக டி.சி. கையில் கொடுத்து அனுப்பப்பட்டவர்கள், 2020 மார்ச்சில் வீட்டுக்கு வந்து, 2021 நவம்பர் 1 அன்று தொடக்க, நடுநிலை வகுப்புகள் திறந்த பிறகும் திரும்பிப் போகாதவர்கள் என்று பலரும் இதில் அடக்கம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்த வட்டாரம் இது. பள்ளிக் கட்டடத்தின் மீது ஒரு பெற்றோருக்கு அச்சம் இருந்தால் அதை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே, வீட்டுவழிக் கல்வி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று முறையிட நான் எழுதவில்லை. பள்ளியில் ஒடுங்கிப்போன பிள்ளை வீட்டுக்கு வந்தபின் மீண்டும் சிரிக்கத் தொடங்கியதையும் கண்டிருக்கிறேன். இது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில், தாமாக முன்வந்து பதில் சொன்ன குடும்பங்களிடம் நடத்தப்பட்டவை. அவற்றைக் கொண்டு நம் ஊர்ப் பிள்ளையைப் பற்றி எந்தப் பக்கமும் அடித்துப் பேச முடியாது. நான் சொல்ல வருவது இதைவிடச் சிறிய செய்தி: வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு மனத்தில் ஒரு நோவு வந்தால், அதைக் கண்டுகொள்ளக் குடும்பத்துக்கு வெளியே ஓர் ஆள்கூட இல்லாதபடி நம் ஏற்பாடுகள் அமைந்திருக்கின்றன.

எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவின் வண்டி அங்கன்வாடிக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போகிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகள் பள்ளியில்தான் அறிந்துகொள்கிறார்கள். வளரிளம் பருவத்தினருக்கான ஆலோசனை, இரும்புச்சத்து மாத்திரை, விளையாட்டுப் போட்டி ஆகியவை பெரும்பாலும் வகுப்பாசிரியர் வழியாகவே பிள்ளையின் கைக்கு வருகின்றன. முதலமைச்சர் கோப்பையில் பள்ளிப் பிரிவில் ஆட ஒரு பள்ளியின் பெயர் வேண்டும். பொதுமக்கள் பிரிவோ 12 வயதுச் சிறுவனுக்கு உரியதன்று. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையினரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கணித்தது. மனநலக் கோளாறுகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும் பாதி 18 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு இது வந்தால், எல்லா ஆசிரியரும் கவனிப்பார்கள் என்பதில்லை என்றாலும், ஒருவராவது "ஏம்மா, ரெண்டு வாரமா பேச மாட்டேங்குறே?" என்று கேட்க வழி இருக்கிறது. வீட்டிலிருக்கும் பிள்ளையின் மௌனத்தை அமைதியான சுபாவம் என்றே அந்த வீடு எடுத்துக்கொள்ளக்கூடும். வீட்டுக்குள்ளேயே துன்புறுத்தப்படும் பிள்ளையின் நிலையை நான் விரிக்கத் தேவையில்லை.

தனிமை இந்தப் பிள்ளைகளிடம் அழுகையாக வருவது குறைவு. அடிக்கடி வயிற்றுவலி என்பார்கள். இரவும் பகலும் மாறித் தூங்குவார்கள். விருந்தினர் வந்தால் கொல்லைப்புறம் போய்விடுவார்கள். இன்னொரு அடையாளத்தைப் பெற்றோர் பெருமையாகவே சொல்வார்கள்: "பெரியவங்க மாதிரி பேசுறான் சார்." உண்மைதான், என்னிடம் மண்புழு உரம் பற்றியும் மேளகர்த்தா ராகங்கள் பற்றியும் தெளிவாகப் பேசிய பிள்ளைகள் உண்டு. அதே பிள்ளை, தன் வயதுப் பையன்கள் நான்கு பேர் சனிக்கிழமை நூலகத்துக்குள் வந்ததும் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். சண்டை போட்டு, பேச்சை நிறுத்தி, மறுநாள் வெட்கமில்லாமல் திரும்பச் சேரும் பழக்கம் சம வயதுக்காரர்களிடம் மட்டுமே வாய்க்கும். அதைப் பெற்றோர் சொல்லிக்கொடுக்க முடியாது, அவர்கள் எவ்வளவு படித்தவர்களாக இருந்தாலும்.

தெருவில் விளையாடட்டுமே என்று சிலர் கேட்பதுண்டு. இன்று எந்தத் தெருவில்? மெட்ரிக் பள்ளி வேன் காலை ஏழரைக்கு ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய் மாலை இருட்டும் நேரத்தில் இறக்கிவிடுகிறது. அதன் பிறகு டியூஷன். ஊரை விட்டு விலகி வயல் நடுவில் பம்புசெட்டை ஒட்டி வீடு கட்டிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை; ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பு கரைந்துவிட்டால் நாள் கணக்கில் அடுத்த வீட்டு முகத்தையே பார்க்க முடியாது.

இதில் நாம் பேசத் தயங்கும் ஒன்றும் இருக்கிறது. நம் ஊர்கள் இன்னும் தெருத் தெருவாகவே பிரிந்து கிடக்கின்றன. அக்கிரகாரத்து மிச்சங்களும் ஊர்த் தெருவும் குடியானத் தெருவும் காலனியும் ஒரே ஊராட்சியில் இருந்தாலும், அந்தத் தெருக்களின் பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடும் இடம் அரசுப் பள்ளி ஒன்றுதான். அங்கும் சாதி நுழைகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஓர் இடமும் இல்லாமல் போகும்போது அவன் உலகம் உறவினரும் பெற்றோரின் நண்பர்களும் மட்டுமே ஆகிவிடுகிறது. மாற்று வாழ்க்கை என்று புறப்பட்டவர்களின் பிள்ளைகள் பழைய வேலிக்குள்ளேயே வளர்வது எனக்கு வருத்தம் தருகிறது. அந்தப் பெற்றோரில் பலர் இதை எண்ணியே பார்த்ததில்லை என்பது இன்னும் வருத்தம்.

சட்ட நிலை குழப்பமானது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. சேர்க்காதவர்களுக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கடும் ஊனம் உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்க இடம் தந்தது. விரும்பி வீட்டில் கற்பிப்பவர்களைப் பற்றிச் சட்டம் பேசவில்லை. மறுபுறம் என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி, பள்ளிக்கே போகாத 14 வயதுப் பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்குச் சேர்த்துக்கொள்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பெற்றோர், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வரும்போது, "பாட்டி வீட்டில் இருந்து படிக்கிறான்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பொய்யோடு பிள்ளை கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறான்.

சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பதை அறிவேன். உங்கள் கையெழுத்தால் ஆகக்கூடியவற்றையே கேட்கிறேன். கணக்கெடுப்பில் வீட்டில் படிப்போர் என்று தனியாகக் குறிக்கச் சொல்லி, அதனால் எந்த நடவடிக்கையும் வராது என்று பெற்றோருக்கு வெளிப்படையாக உறுதி கொடுங்கள். ஆர்.பி.எஸ்.கே. குழு ஒரு பள்ளிக்கு வரும் நாளில் அந்த ஊராட்சியில் வீட்டில் படிக்கும் பிள்ளைகளையும் அழைக்கலாம். பள்ளி மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண் இல்லை என்று திருப்பி அனுப்ப வேண்டாம். 5 முதல் 16 வயது வரையுள்ள எந்தப் பிள்ளையும் சேர்ந்து கலைகள் கற்கக்கூடிய ஜவகர் சிறுவர் மன்றம் மாவட்டத் தலைநகரங்களில் இயங்குகிறது. அதன் வகுப்புகள் வாரம் ஒரு நாளாவது மன்னார்குடி, பாபநாசம், வேதாரண்யம், சீர்காழி போன்ற ஊர்களின் கிளை நூலகங்களில் நடக்கட்டும். நூலகங்களில் இடம் இருக்கிறது, ஆட்கள்தாம் குறைவு.

கிராம சுகாதாரச் செவிலியர் எப்படியும் எல்லா வீட்டுக்கும் போகிறார். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம், பெற்றோர் சற்று விலகியிருக்கும்போது, தூக்கம், பசி, நண்பர்கள் பற்றி நான்கு கேள்வி கேட்கவும், ஐயம் இருந்தால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் அரசு மருத்துவமனைக்கு வரும் நாளைச் சொல்லி அனுப்பவும் அவருக்குப் பயிற்சி தர வேண்டும். 14416 என்ற டெலிமானஸ் (தொலைபேசி மனநல ஆலோசனை) எண் 2022 முதல் இயங்குகிறது. ஆனால் வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவின் சட்டைப் பையில் என்றிருக்கும் பிள்ளை அதில் யாரிடம் பேசுவான்? ஆகவேதான் நேரில் வரும் ஒரு மனிதரைக் கேட்கிறேன். ஊராட்சி அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் கூட்டத்திலும், அது கூடும் ஊர்களில், இந்தப் பிள்ளைகளின் பெயர் ஒருமுறையாவது வாசிக்கப்பட வேண்டும்.

இவற்றில் செவிலியர் பயிற்சி ஒன்றையாவது வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மழை இறங்கிவிட்டால் வயல் நடுவில் உள்ள வீடுகளுக்குத் தை மாதம் வரை எவரும் போவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.