திரை காட்டும் அகினால்டோ

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிலிப்பைன்ஸ் நாட்டின் வரலாற்றுத் திரைப்படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். அந்நாட்டுச் சினிமாவைக் குறித்துத் தமிழில் எழுத முன்வருபவர்கள் அரிது என்பதால் கட்டுரையாளருக்கு முதலில் என் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஆயினும், 1899ஆம் ஆண்டு ஜனவரி 23 அன்று மலோலோஸ் நகரின் பாரசோயின் தேவாலயத்தில் தொடங்கிவைக்கப்பட்ட குடியரசின் தலைவரான எமிலியோ அகினால்டோவை, ‘ஹெனரல் லூனா’ என்ற ஒரே படத்தைச் சான்றாகக் கொண்டு, தன் தளபதிகளைக் கொன்று நாட்டை விற்ற துரோகி என்று கட்டுரை முடிவு கட்டியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அவரைக் குற்றமற்றவர் என்று நிறுவுவது என் நோக்கமன்று. அவர் மீதுள்ள குற்றச்சாட்டுகளில் ஒன்றையாவது அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். என் மறுப்பு, திரை அவரை எந்த இடத்தில் நிறுத்திக் காட்டுகிறது என்பதைப் பற்றியது.

ஜெரோல்ட் தரோக் இயக்கி 2015இல் வெளிவந்த அந்தப் படம், நாட்டைப் பற்றிய பெரிய உண்மைகளைச் சொல்வதற்காக நடந்தவற்றோடு கற்பனையையும் கலந்திருப்பதாகத் தன் தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவித்துவிடுகிறது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் அத்தகைய படத்தை ஒரு நீதிமன்றத் தீர்ப்பைப்போல் மேற்கோள் காட்டுவது முறையாகுமா? அமெரிக்கர்களை எதிர்த்துப் போரிட்ட பிலிப்பைன்ஸ் படையின் தளபதியான ஜெனரல் அந்தோனியோ லூனா 1899 ஜூன் 5 அன்று, தலைவரைச் சந்திக்க வருமாறு தந்தி வந்ததை நம்பிக் கபனாத்துவானுக்குச் சென்றார் என்பதும், அங்கே அகினால்டோ இல்லை என்பதும், கட்டளைக்குக் கீழ்ப்படியாததற்காக லூனாவால் முன்பு ஆயுதம் பறிக்கப்பட்ட, அகினால்டோவின் ஊரான காவிட்டைச் சேர்ந்த படைவீரர்களே அவரையும் அவருடன் சென்ற கர்னல் பிரான்சிஸ்கோ ரோமானையும் கொன்றார்கள் என்பதும், அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை என்பதும் ஐயத்துக்கு இடமில்லாதவை. தந்தியை அனுப்பச் சொன்னவர் யார் என்பது மட்டும் இன்றுவரை முடிவாகவில்லை. அகினால்டோ தம் இறுதிக்காலம் வரை அதை மறுத்தார். படமோ, கொலை நடந்த முற்றத்தை நோக்கிய சாளரத்தில் அகினால்டோவின் தாயார் நின்று, லூனா இன்னும் அசைகிறாரா என்று கேட்பதாகக் காட்டுகிறது. அக்காட்சியைப் பார்த்தபின், தந்தியை அனுப்பியது யார் என்று கேட்கும் எண்ணமே பார்வையாளருக்கு எழாது. கலையாக அது மிக வலிமையான காட்சி என்பதை நான் மறுக்கவில்லை. கட்டுரையாளர் தம் தீர்ப்பை எழுதியதும் அக்காட்சியின் வேகத்தில்தான் என்று கருதுகிறேன்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது ஒன்று உண்டு. தளபதியை நாயகனாகக் கொண்ட கதையில், தலைவர் எப்போதும் அறைக்குள்ளே, நாற்காலியில், எவருடைய ஆலோசனையையோ கேட்டுத் தயங்கிக்கொண்டிருப்பவராகவே அமைந்துவிடுகிறார். அதே இயக்குநர் 2018இல் இளம் தளபதி கிரகோரியோ தெல் பிலாரைப் பற்றி எடுத்த படத்திலும், 2025இல், பின்னாளில் நாட்டின் தலைவரான கேசோனைப் பற்றி எடுத்த படத்திலும், ‘ஹெனரல் லூனா’வைப் போலவே, அகினால்டோவாக நடித்தவர் மொன் கொன்ஃபியாதோவே. குரலை உயர்த்தாமல், முகத்தில் எதையும் எளிதில் வெளிக்காட்டாமல் அவர் நடித்திருப்பது என் மனத்தில் ஆழப் பதிந்தது. குறை நடிகரிடம் இல்லை. மூன்று படங்களும் வேறொருவரின் கதைகள். இருபத்தைந்து வயதில் தன் ஊரான காவிட்டின் நிர்வாகத் தலைவராகி, 1896இல் இமூஸிலும் பினகாயானிலும் ஸ்பானியப் படைகளைத் தோற்கடித்த போர்வீரரை, இவற்றை மட்டும் பார்த்தவர் அறிந்திருக்க வழியில்லை.

அவரையே நாயகனாகக் கொண்ட படமும் வந்தது. 2012இல் மார்க் மெய்லி இயக்கிய ‘எல் பிரெசிதென்தே’ படத்தில், அப்போது லகூனா மாகாணத்தின் ஆளுநராக இருந்த ஈ. ஆர். எஹெர்சித்தோ அகினால்டோவாக நடித்தார். பதவியில் இருக்கும் ஓர் அரசியல்வாதி தன் நாட்டின் முதல் தலைவராக வேடமேற்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அதைவிடப் பெரிய குறை, வாழ்நாள் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கும் அவசரம். ஆண்டுகள் ஓடுகின்றனவே தவிர, எந்த ஒரு முடிவின் முன்னும் படம் போதிய நேரம் நிற்பதில்லை. ஆந்த்ரேஸ் போனிபாசியோவின் மரணத்தின் முன்பாவது அது நின்றிருக்க வேண்டும்.

அந்நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த கத்திப்புனான் என்ற இரகசியப் புரட்சி இயக்கத்தை 1892இல் தொடங்கியவர்களில் முதன்மையானவரான போனிபாசியோ, 1897 மார்ச் 22 அன்று தெஹேரோஸில் கூடிய புரட்சியாளர்களின் கூட்டத்துக்குத் தாமே தலைமை தாங்கினார். அங்கே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அகினால்டோ அன்று அங்கே இல்லை. தம் இருபத்தெட்டாவது பிறந்தநாளில் பாசோங் சந்தோல் போர்முனையில் இருந்தார். பதவியேற்க அவரை அழைக்க வந்த அண்ணன் கிறிஸ்புலோ, தாம் அந்த முனையைக் காப்பதாக வாக்களித்துத் தம்பியை அனுப்பிவைத்து, அங்கேயே போரிட்டு மாண்டார். கூட்டத்திலோ, உள்துறைக்குத் தேர்வான போனிபாசியோவுக்குச் சட்டப்படிப்பு இல்லை என்று ஒருவர் எதிர்ப்புத் தெரிவிக்க, அந்த அவமதிப்பைப் பொறுக்காத அவர் தேர்தலே செல்லாது என்று அறிவித்து வெளியேறினார். பின்னர் அவர் கைது செய்யப்பட்டார். இராணுவ மன்றம் மரண தண்டனை விதித்தது. அகினால்டோ அதை நாடுகடத்தலாகக் குறைத்தார். பியோ தெல் பிலார், மரியானோ நொரியேல் ஆகிய தளபதிகளின் வற்புறுத்தலால் அந்தக் கருணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மே 10 அன்று மரகோந்தோன் மலைப்பகுதியில் போனிபாசியோவும் தம்பி புரோகோப்பியோவும் கொல்லப்பட்டனர். தாம் கருணையைத் திரும்பப் பெற்றதை 1948இல் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றில் அகினால்டோவே ஒப்புக்கொண்டார். கருணை காட்டியதற்கும் அதைத் திரும்பப் பெற்றதற்கும் இடைப்பட்ட நேரத்தில், அண்ணனை இழந்து இரண்டு மாதங்கூட ஆகாத அந்த இளைஞரின் மனத்தில் என்ன நடந்தது என்பதைவிடத் திரைக்கு உகந்த பொருள் வேறென்ன இருக்க முடியும்? அவரைப் புகழ வந்த படம் அந்தப் பொறுப்பைச் சுற்றியிருந்தவர்கள் மீது இறக்கிவைக்கிறது. போனிபாசியோவே முதல் குடியரசுத் தலைவர் என்று தலைப்பிலேயே வாதாடிய 2014ஆம் ஆண்டுப் படமோ அகினால்டோவின் மனத்துக்குள் நுழைய விரும்பவே இல்லை.

இவற்றுக்கெல்லாம் நடுவே அமெரிக்கா ஏறத்தாழ மறைந்துபோகிறது என்பதுதான் என் பெரிய வருத்தம். ‘ஹெனரல் லூனா’வில் அமெரிக்கத் தளபதிகள் சில காட்சிகளில் வந்து போகிறார்கள், நமக்கு அவர்களைவிடப் பெரிய பகைவர் நாமேதான் என்ற கருத்தே படம் முழுவதும் ஒலிக்கிறது. தன் மக்களை நோக்கி ஒரு கலைஞர் அப்படிப் பேச உரிமையுண்டு. ஆனால் 1898 டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தத்தின்படி இரண்டு கோடி டாலர் கொடுத்து ஸ்பெயினிடமிருந்து அந்நாட்டை வாங்கியது அமெரிக்கா. 1899 பிப்ரவரி 4 அன்று தொடங்கிய போரில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோ வீரர்கள் மாண்டனர். வன்முறையாலும் பஞ்சத்தாலும் நோயாலும் இறந்த பொதுமக்கள் இரண்டு லட்சம்வரை இருக்கலாம் என்று அமெரிக்க அரசின் வரலாற்றுப் பிரிவே கூறுகிறது. இப்போரைத் திரையில் முதலில் காட்டியதும் அமெரிக்கர்களே. எடிசனின் நிறுவனம் 1899இல் நியூ ஜெர்சியின் வயல்வெளிகளில் போர்க்காட்சிகளை நடிக்கவைத்துப் படம்பிடித்தது. கறுப்பின அமெரிக்கர்களைப் பிலிப்பினோக்களாக ஓடவிட்டு, கான்சஸ் படைப்பிரிவின் வெற்றியை மக்களுக்குக் காட்டினார்கள். அந்தப் படைப்பிரிவின் தலைவரான ஃபிரெடெரிக் ஃபன்ஸ்டன்தான் 1901 மார்ச் 23 அன்று பலானானில் அகினால்டோவைப் பிடித்தவர். அமெரிக்கர்களின் பக்கம் பணியாற்றிய மகபெபே ஊர்ப் பிலிப்பினோ வீரர்களை அகினால்டோவின் உதவிக்கு வரும் படையாகவும், தன்னையும் பிற அமெரிக்க அதிகாரிகளையும் அவர்களிடம் சிக்கிய கைதிகளாகவும் காட்டி, போலிக் கடிதங்களின் துணையோடு வந்தார். வழியில் பசியால் துவண்ட அந்தக் கூட்டத்துக்கு உணவு அனுப்பியவர் அகினால்டோவே.

அதற்குப்பின் அவர் அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். பிடிபட்ட அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவுக்கு விசுவாச உறுதிமொழி எடுத்தார். 1935 தேர்தலில் கேசோனிடம் தோற்றார். 1942இல் ஜப்பானியர் ஆதிக்கத்தின்போது, எதிர்த்துப் போரிடுவோர் சரணடைய வேண்டுமென்று வானொலியில் பேசினார். அதற்காகப் போருக்குப்பின் சிறையில் அடைக்கப்பட்டு, பொதுமன்னிப்பில் விடுபட்டார். அவர் 1898இல் விடுதலை அறிவித்த ஜூன் 12ஆம் நாளை 1962இல் நாடு தன் விடுதலை நாளாக ஏற்றபோது, தொண்ணூற்று மூன்று வயதில் அந்த விழாவில் கலந்துகொண்டார். கட்டுரையாளர் துரோகம் என்று எழுத விரும்பினால், கபனாத்துவானைவிட 1942ஆம் ஆண்டின் அந்த வானொலிப் பேச்சில் அவருக்குத் தெளிவான ஆதாரம் கிடைத்திருக்கும்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அகினால்டோவின் முதல் அமைச்சரவைக்குத் தலைமை வகித்தவரும், கால்கள் செயலிழந்த நிலையிலும் அமெரிக்கர்களுக்குப் பணிய மறுத்துக் குவாம் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவருமான அப்போலினாரியோ மபினி, புரட்சி தோற்றது ஏன் என்பதைத் தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். லூனாவின் கொலைக்கு அகினால்டோவைப் பொறுப்பாக்கும் கடுமையான பக்கங்கள் அதில் உள்ளன. உடனிருந்து பார்த்தவரின் அப்பக்கங்களைத் தமிழாக்கி, இத்திரைப்படங்களைப் பற்றிய அடுத்த கட்டுரையோடு சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
திருச்சிராப்பள்ளி