ரெண்டாவது தடவை வராதவங்கள யாரு தேடுவாங்க?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பெரிய ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு ஒரு டாக்டர், ஜனங்க நடந்தே வர்ற தூரத்துல மனநல கிளினிக் திறக்கறாங்கன்னு உங்க பேப்பர்ல போட்டிருந்தீங்க. படிச்சதும் அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. நான் மனநல வார்டுல 17 வருஷமா நர்ஸா இருக்கேன், இந்த மாதிரி ஒண்ணு வராதான்னு ஏங்கினவங்கள்ல நானும் ஒருத்தி. அதனாலதான் அந்த டாக்டருக்கும் அவங்களுக்கு உதவி பண்ணப் போறவங்களுக்கும் போய்ச் சேரட்டும்னு இத எழுதறேன்.

திறந்த புதுசுல கூட்டம் வரும், அதப் பத்தி கவலையே இல்ல. முதல் தடவை அம்மாவோ புருஷனோ அண்ணனோ யாராவது கெஞ்சியோ மிரட்டியோ கூட்டிட்டு வந்துடுவாங்க. ரெண்டாவது தடவை வர்றதுதான் கஷ்டம். டிப்ரஷனுக்கு குடுக்கற மாத்திரை வேலை செய்ய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு அதுக்கும் மேல, ஆனா குமட்டல் தலைவலி தூக்கம் கெடறது எல்லாம் முதல் வாரத்துலயே வந்துடும். இத யாராவது பக்கத்துல உக்காந்து பொறுமையா சொல்லலன்னா அஞ்சாவது நாளே "நமக்கு இது ஒத்துக்கல"ன்னு நிறுத்திடுவாங்க, அவங்கள நான் குத்தமே சொல்ல மாட்டேன். இன்னொரு பக்கம் ரெண்டு மாசத்துல நல்லா ஆயிட்டவங்க, இனிமே எதுக்கு மாத்திரைன்னு அவங்களா விட்டுடுவாங்க, ஆனா குணமான பிறகும் குறைஞ்சது ஆறு மாசம் போடணும். மனசு அளவுக்கு மீறி ஏறி இறங்கற பைபோலார் நோய்க்கு குடுக்கற லித்தியம் மாத்திரை எடுக்கறவங்கள இன்னும் கவனமா பாக்கணும், ரத்தத்துல அளவு கொஞ்சம் கூடினாலே உடம்புக்கு விஷம், வாந்தி பேதின்னு உடம்புல தண்ணி வத்தினாக்கூட அளவு ஏறிடும். அப்பப்ப ரத்தம் டெஸ்ட் பண்ண, கிட்னியும் தைராய்டும் பார்க்க ஏற்பாடு இல்லாத இடத்துல அந்த மாத்திரைய எழுதவே கூடாது.

ஒரு பையன், பேரெல்லாம் வேண்டாம், வார்டுல இருந்து நல்லபடியா டிஸ்சார்ஜ் ஆனான், ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லி சீட்டுல தேதியும் எழுதிக் குடுத்தோம், வரல. வராதத நாங்க யாரும் கவனிக்கல, ஏன்னா வராதவங்களப் பாக்கறது அங்க யாரோட வேலையும் இல்ல. அஞ்சு மாசம் கழிச்சு கை கால கட்டி தூக்கிட்டு வந்தாங்க. அவங்க அம்மா என்னப் பாத்து, "யாராவது ஒரு போன் பண்ணி கேட்டிருந்தா நான் கூட்டிட்டு வந்திருப்பேனே சிஸ்டர்"னு சொன்னாங்க, அதுக்கு என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரத்துலதான் தற்கொலை ஆபத்து ரொம்ப ஜாஸ்தின்னு எங்களுக்கு படிக்கும்போதே சொல்லிக் குடுத்திருக்காங்க, தெரிஞ்சும் விட்டோம்.

அதனால அந்த டாக்டர் கிட்ட நான் கேக்கறது ஒரு நோட்டும் ஒரு ஆளும். இன்னிக்கு வர வேண்டியவங்க யாரு, வராம போனது யாருன்னு சாயங்காலம் டிக் பண்ணிப் பாத்து, மறுநாள் காலைல போன் பண்ற ஆள். போன் எடுக்கலன்னா வீட்டுக்குப் போகணும், ஆனா போகலாமான்னு பேஷன்ட் கிட்ட முதல் நாளே கேட்டு எழுதி வாங்கி வச்சிருக்கணும், திடீர்னு கிளினிக் ஆள் வாசல்ல வந்து நின்னா அக்கம் பக்கத்துல அவங்க படற பாடு நமக்குத் தெரியாது.

ஜிம்பாப்வே நாட்டுல டிக்சன் சிபாண்டான்னு ஒரு மனநல டாக்டர். அவர் பாத்துட்டு இருந்த ஒரு பொண்ணு தற்கொலை பண்ணிக்கிட்டா, ஆஸ்பத்திரிக்கு வர பஸ்ஸுக்குக் காசு இல்லாம வர முடியலன்னு பிறகுதான் அவருக்குத் தெரிய வந்துச்சு. 2006ல அவர் ஹராரேல, கிளினிக் வாசல்ல ஒரு மர பெஞ்ச் போட்டு, அந்தந்த ஏரியா பாட்டிங்களுக்கே பயிற்சி குடுத்து உக்கார வச்சார். "டிப்ரஷன்"னு அவங்க பேச மாட்டாங்க, ரொம்ப யோசிக்கறதுன்னு அர்த்தம் வர்ற அவங்க ஊர் வார்த்தையிலயே பேசுவாங்க, எந்தப் பிரச்சினைய முதல்ல பாக்கலாம்னு வந்தவங்களையே தேர்ந்தெடுக்க விடுவாங்க. முறையா ஆராய்ச்சி பண்ணி 2016ல ரிசல்ட் வந்தப்போ, பெஞ்ச்ல பேசினவங்களுக்கு ஆறு மாசத்துல நல்ல முன்னேற்றம் தெரிஞ்சுது. டாக்டர் எண்ணிக்கை கம்மின்னு நாம சொல்றது உண்மைதான், ஆனா போன் பண்ணவும் பக்கத்துல உக்காந்து கேக்கவும் டாக்டரே வேணும்னு இல்ல.

பணம் குடுக்கறவங்களுக்கும் ஒண்ணு. அமெரிக்காவுல 1963ல சமூக மனநல மையங்களுக்குன்னே சட்டம் போட்டாங்க, பெரிய ஆஸ்பத்திரிகள்ல இருந்து ஆட்கள வெளிய அனுப்பினாங்க, ஆனா கட்டறோம்னு சொன்ன மையங்கள்ல பாதி வரவே இல்ல, வந்ததும் பணத்துக்குத் திண்டாடுச்சு, எத்தனையோ பேர் தெருவுலயும் ஜெயில்லயும் போய் முடிஞ்சாங்க. கட்டடத்துக்கும் போர்டுக்கும் குடுக்கறீங்க, மூணாவது வருஷத்து சம்பளத்துக்கும் இப்பவே எடுத்து வைங்க.

ஆசிரியர் ஐயா, கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். திறப்பு விழா போட்டோல பெஞ்ச்ல காத்திருக்கறவங்க முகம் வரவே கூடாது. முன்னாடி நாங்க நடத்தின ஒரு முகாமோட போட்டோ ஒரு பேப்பர்ல வந்துச்சு, அதுல முகம் தெரிஞ்ச ஒரு அக்கா அதுக்கப்புறம் மருந்து வாங்கக்கூட வரல, தேடிப் போனப்போ கதவையே திறக்கல.

அந்த கிளினிக்ல போன் பண்ண ஆள் இல்லன்னா, வாரத்துல எனக்கு லீவு வர்ற நாள்ல நான் வந்து உக்காந்து பண்றேன், சம்பளம் வேண்டாம். என் நம்பர் உங்க ஆபீஸ்ல இருக்கு, அவங்ககிட்ட குடுத்துடுங்க.

இப்படிக்கு,
ஒரு மனநல செவிலியர்