புரியும் மொழியில் சொல்லுங்கள்: கர்நாடக மாநில மனநல ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வசிக்கும் நான், வீட்டில் ஒருவருக்கு மனநல சிகிச்சை தேவைப்படும் தமிழ்க் குடும்பங்களுக்குத் துணையாக மருத்துவமனைகளுக்குச் சென்று வருபவள். எந்தச் சட்டப் பிரிவின்படி தாம் சேர்க்கப்படுகிறார், அதை மறுஆய்வு செய்யக் கோரி எங்கே விண்ணப்பிக்கலாம், தமக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்பவற்றை நோயாளிக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் தெரிவிக்க வேண்டும் என்று, 2018 மே 29 முதல் நடப்பில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 22ஆம் பிரிவு சொல்கிறது. நான் துணைக்குப் போன பல இடங்களில் அப்படி நடக்கவில்லை.

தனியார் மருத்துவமனை ஒன்றில், பூக்கட்டி விற்கும் ஒரு தாயின் முன் ஆங்கிலப் படிவத்தை வைத்து, கையெழுத்திட வேண்டிய இடங்களைப் பேனா முனையால் மட்டும் காட்டினார்கள். "அதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று பக்கத்தில் இருந்த மகன் திரும்பத் திரும்பக் கேட்டான், ஒருவரும் பதில் சொல்லவில்லை. நோயாளி தாமே முடிவெடுக்க முடியாத நிலையில், அவர் சார்பில் நியமிக்கப்பட்டவரின் விண்ணப்பத்தின்பேரில் சேர்க்க வழிசெய்யும் 89ஆம் பிரிவின்படி சேர்த்தால் 30 நாளுக்கு மேல் அதே பிரிவில் வைத்திருக்க முடியாது என்பதும், அதை எதிர்த்து விண்ணப்பித்தால் மறுஆய்வு வாரியம் 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பதும், இலவசச் சட்ட உதவி உண்டு என்பதும் அவனுக்கு யார் மூலம் தெரியவரும்?

நோய் முற்றிய நிலையில் எதைச் சொன்னாலும் விளங்காது என்று மருத்துவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது: அப்போதைக்கு நியமனப் பிரதிநிதியிடம் (நோயாளி சார்பில் நியமிக்கப்பட்டவரிடம்) சொல்லிவிட்டு, நோயாளி தெளிந்ததும் அவரிடம் முழுமையாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது பாதிதான் மறந்துபோகிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டின் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் தீயில் மாண்டதை எங்கள் வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள். 'கரண்ட் வைப்பார்கள்' என்ற பயத்திலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்களும் உண்டு. சங்கிலியால் கட்டுவதையும் மயக்கமருந்து இல்லாமல் மின்அதிர்வு சிகிச்சை தருவதையும் 95ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது என்று தமிழில் எடுத்துச் சொன்னபோது, ஒரு தகப்பனார் அன்றே மகளை அழைத்து வரச் சம்மதித்ததை நான் பார்த்தேன்.

இது கன்னடத்துக்கு எதிரான கோரிக்கை அன்று. கன்னடம் மட்டுமே படிக்கத் தெரிந்த பீதர் மாவட்டத்துக் கூலித் தொழிலாளிக்கும் அந்த ஆங்கிலப் படிவம் விளங்காது. எனவே நோயாளியின் உரிமைகளைக் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது மொழிகளில் எளிமையாக எழுதி, ஒலிப்பதிவாகவும் ஆணையமே ஒருமுறை தயாரித்துத் தர வேண்டும். யாரிடம், எந்த மொழியில், எப்போது விளக்கப்பட்டது என்பதை மருத்துவக் குறிப்பேட்டில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்த வேண்டிய தணிக்கையில், அந்தப் பதிவோடு நின்றுவிடாமல், உள்ளே இருக்கும் நோயாளிகளிடமும் அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் மூலம் கேட்டறிய வேண்டும்.

இப்படிக்கு,
நோயாளிகளின் குடும்பங்களுக்குத் துணைநிற்கும் ஒருத்தி,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு