சனிக்கிழமை பிளாக்ஸ்மித்திங்: அனைவரும் கவனிக்க

வணக்கம் நண்பர்களே!

வரும் சனிக்கிழமை இரவு 9 மணிக்கு, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் ஆன்லைன் கேமில் புதியவர்கள் எல்லோரும் சேர்ந்து பிளாக்ஸ்மித்திங்கை (கொல்லர் தொழில் திறனை) 150 புள்ளி வரை ஏற்றப் போகிறோம்.

1. கையில் இருக்கும் காப்பர், டின் இரண்டையும் கில்ட் பேங்கருக்கு (நம் குழுவின் பொருட்களைச் சேர்த்து வைக்கும் கேரக்டர்) கேம் மெயிலில் அனுப்புங்கள். காப்பர் பார் ஒன்று, டின் பார் ஒன்று சேர்த்து உருக்கினால் 2 பிரான்ஸ் பார் கிடைக்கும்.

2. ரஃப் ஸ்டோனைத் தயவுசெய்து கடையில் விற்காதீர்கள். ஆரம்பப் புள்ளிகள் அதில்தான் ஏறும். 25 வந்ததும் 2 கல்லுக்கு ஒரு கிரைண்டிங் ஸ்டோன் செய்யலாம். பின்னால் வரும் ரெசிபிகளுக்கு (பொருள் செய்முறைகளுக்கு) அது தேவைப்படும்.

3. ரெசிபியின் நிறத்தைப் பார்த்துச் செய்யுங்கள். ஆரஞ்சு என்றால் புள்ளி நிச்சயம். மஞ்சளில் பெரும்பாலும் ஏறும், பச்சையில் அபூர்வம். சாம்பல் நிறத்தில் ஒன்றுமே ஏறாது, பொருள்தான் வீண்.

4. 50 தொட்டவுடன் டிரெயினரிடம் ஜர்னிமேன் (தொழிலின் அடுத்த நிலை) கற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 75-லேயே நின்றுவிடும். இதற்கு கேரக்டர் லெவல் 10 வேண்டும், இப்போதே ஏற்றி வையுங்கள்.

5. முதன்மைத் தொழில் இரண்டுக்குத்தான் இடம். கூடவே மைனிங் (தாது வெட்டும் தொழில்) எடுப்பது நல்லது என்பது என் கருத்து.

வருபவர்கள் கேரக்டர் பெயர், லெவல், கையிருப்பு மூன்றையும் வியாழன் இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள்.