ஓடைக்கரைத் தளங்களை ஏன் நீக்கினோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் கேரவன்களை எங்களிடம் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு, மலைப்பகுதியில் குழந்தைகளோடு தங்கத் தகுந்த முகாம் தளங்களின் பட்டியல் ஒன்றையும் சேர்த்துத் தருவது எங்கள் வழக்கம். இந்தப் பருவத்துக்கான பட்டியலைப் பார்த்த பலர், சென்ற ஆண்டு தாங்கள் தங்கி மகிழ்ந்த ஓடைக்கரைத் தளங்கள் மூன்றும் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்வதைவிட, காரணத்தை எல்லோருக்கும் முழுமையாக எழுதிவிடுவதே முறை என்று கருதி இம்மடலை அனுப்புகிறோம்.

அத்தளங்களின் பராமரிப்பிலோ உபசரிப்பிலோ குறை ஏதும் இல்லை. அவை அமைந்திருக்கும் நிலம்தான் காரணம். செங்குத்தான சரிவில் பாய்ந்து வரும் மலையோடை, பள்ளத்தாக்கின் அகன்ற தரையைத் தொட்டதும் வேகம் குறைந்து, சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் விசிறியை விரித்தாற்போல் பரப்பிவிடுகிறது. சமதரை அரிதாகக் கிடைக்கும் மலைநாட்டில், மிதமான சரிவும் நீர் தேங்காத மண்ணும் உள்ள இந்த விசிறி மேடு, கேரவன் நிறுத்துவதற்கென்றே அமைந்த இடம்போலத் தோன்றும். அந்த மேட்டை உண்டாக்கியதே வெள்ளம்தான் என்பதும், பெருமழையில் ஓடை தன் தடத்தை விட்டு மேட்டின் எந்தப் பக்கமும் திரும்பக்கூடும் என்பதும் வெயில் காயும் நாளில் நினைவுக்கு வருவதில்லை.

ஸ்பெயின் நாட்டின் பைரனீஸ் மலையில், பியெஸ்காஸ் என்னும் ஊருக்கு அருகே இப்படியொரு விசிறி மேட்டில் முகாம் தளம் இருந்தது. 1996 ஆகஸ்ட் 7 அன்று மாலை, அதற்கு மேலே உள்ள சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியில் கொட்டித் தீர்த்த மழையால் அராஸ் என்ற ஓடை பெருகி, தளத்துக்குள் புகுந்து 87 உயிர்களைக் கொண்டுபோயிற்று. கேரவன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பதற்காக ஓடையின் குறுக்கே கட்டியிருந்த தடுப்பணைகள் பலவும் அன்று உடைந்தன. ஆகவே, மேலே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள் என்ற ஒரு விடையை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தளத்தையும் பரிந்துரைப்பதில்லை என்று முடிவு செய்தோம். விடுமுறைக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு எழுதும் மடலில் இதைச் சொல்வது எங்களுக்கே கசப்பாக இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் பெயரை மட்டும் நீக்கியிருந்தால், நீங்கள் நேரடியாக அங்கேயே இடம் பதிவு செய்துவிடக்கூடும்.

எங்கள் பட்டியலுக்கு வெளியே நீங்களாகத் தளம் தேடும்போது, புல்வெளிக்குள் ஆங்காங்கே பெரிய பாறைக்கற்கள் புதைந்து கிடக்கின்றனவா, நீரில்லாத பழைய தடம் ஏதும் நடுவே ஓடுகிறதா என்று பாருங்கள். இரவில் வெள்ள எச்சரிக்கை வந்தால் எந்த வழியாக ஓடையை விட்டு உயரமான இடத்துக்கு ஏறுவது என்று தளத்தாரிடம் கேளுங்கள்; அதற்கு உடனே விடை சொல்லத் தெரியாத தளத்தில் நாங்களாக இருந்தால் தங்கமாட்டோம். அப்படி எச்சரிக்கை வந்துவிட்டால், வண்டியைத் தாங்கி நிற்கும் மூலைக்கால்களைத் தூக்கி, மின்கம்பியைக் கழற்றி, கேரவனைக் காரில் பூட்டிக்கொண்டு புறப்படலாம் என்று எண்ண வேண்டாம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு உயரமான இடத்தை நோக்கி நடந்துவிடுங்கள். கேரவனைப் பற்றிய கவலை எங்களுடையது.

ஓடைக்கரையைத் தவிர்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தெளிந்த இரவுகளில் சரிவுகளில் குளிர்ந்த காற்று, கனம் கூடி, தண்ணீரைப்போல் கீழே வழிந்து பள்ளத்தின் அடியில் தேங்குகிறது. அதனால் பள்ளத்தின் அடியைவிட, சரிவில் சற்று மேலே உள்ள திட்டில் நிறுத்திய கேரவனில்தான் விடியற்காலை இதமாக இருக்கும். பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும் என்று பாடத்தில் படித்திருப்போம். குளிர் தேங்கும் பள்ளத்தில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். பியூட்டேன் வாயு உறைநிலையை ஒட்டிய குளிரிலேயே சிலிண்டருக்குள் ஆவியாகாமல் நின்றுவிடும் என்பதால், மலைக்குச் செல்வோருக்கு நாங்கள் கடுங்குளிரிலும் ஆவியாகும் புரொப்பேன் சிலிண்டரை மட்டுமே கொடுத்தனுப்புகிறோம். எவ்வளவு குளிர்ந்தாலும் சமையல் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்காதீர்கள். காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைக்காதீர்கள். அடுப்பு எரியும்போது உண்டாகக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

சரிவில் அமைந்த தளங்களுக்கு அவற்றுக்கே உரிய குறை ஒன்று உண்டு. நிலத்தைப் படிப்படியாக வெட்டித்தான் அங்கே வண்டி நிறுத்த இடம் உண்டாக்குகிறார்கள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஓராள் உயரத்துக்குக்கூடப் பள்ளம் இருக்கும். பெரியவர்கள் பகலில் அதைக் கவனித்து நடப்பார்கள். பந்தைத் துரத்தி ஓடும் பிள்ளை கவனிக்காது. எனவே விளிம்பில் வேலியோ அடர்ந்த புதரோ இருக்கும் தளங்களை மட்டுமே சேர்த்திருக்கிறோம். விளையாட்டிடம் எவ்வளவு பெரியது என்பதைவிட, கேரவன் வாசலில் இருந்து அது கண்ணுக்குத் தெரிகிறதா, நடுவே கார்கள் போகும் பாதை குறுக்கிடுகிறதா என்பதையே பார்த்தோம். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கு எரிகிறதா என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். நள்ளிரவில் ஐந்து வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஒரு கேரவனுக்கும் அடுத்ததற்கும் இடையே 6 மீட்டராவது விட வேண்டும் என்பது பிரிட்டனில் உள்ள நடைமுறை. தீ பரவாமல் இருப்பதற்கான இந்த இடைவெளியையே நாங்களும் அளவுகோலாகக் கொண்டோம்.

உயரத்தைப் பொறுத்தவரை, 2,500 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் தளம் எதுவும் பட்டியலில் இல்லை. அதற்கு மேல் மலைநோய் வர வாய்ப்பு கூடுகிறது. தலைவலி, குமட்டல் என்று சொல்லத் தெரியாத குழந்தை வெறுமனே அழும், உணவை மறுக்கும்.

மின் இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மலைத் தளங்கள் பலவற்றில் 6 ஆம்பியர் மட்டுமே தருவார்கள். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 1,380 வாட். ஹீட்டரையும் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலையும் ஒன்றாகப் போட்டால் இணைப்பு துண்டிக்கப்படும், பழி கேரவன்மீது விழும். சென்ற பருவத்தில் எங்களுக்கு வந்த புகார்களில் இதுவே அடிக்கடி வந்தது.

பட்டியலில் ஒவ்வொரு தளத்தின் பெயருக்கு எதிரிலும், அங்கே செல்லும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளையும் மிகச் செங்குத்தான பகுதியையும் குறித்திருக்கிறோம். இறங்கும்போது, ஏறிய அதே தாழ்ந்த கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே தளத்தை அடைந்துவிடுவது நல்லது. மலை மறைப்பதால் பள்ளத்தாக்கில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். இருட்டில் பின்னோக்கி நகர்த்தி, மட்டம் பார்த்து, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது பழகியவர்களுக்கே கடினம்.

நீக்கப்பட்ட மூன்று தளங்களில் எங்கள் வழியாக ஏற்கெனவே இடம் பதிவு செய்தவர்களுக்கு, அதே நாட்களில் அருகிலேயே மேட்டுப்பாங்கான வேறு தளத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறோம். கேரவன் வாடகையில் மாற்றம் இல்லை. மாற்றிக்கொள்ள விருப்பமா இல்லையா என்பதைப் புறப்படும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாகத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கேரவன் வாடகை நிலையத்தார்