தேய்ந்த டேபிளை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொள்ளாச்சியில் மரப்பட்டறை நடத்துகிறேன். எங்கள் பக்கம் பழைய பட்டறைகளை மூடும்போது, வார்ப்பிரும்பு டேபிள் போட்ட, மரத்தை இழைக்கும் பிளேனர் மெஷின்கள் நேராகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. "டேபிள் தேஞ்சு போச்சு, இனி உதவாது" என்கிறார்கள். தேய்ந்த டேபிளை மறுபடியும் மட்டமாக்கலாம். அது தெரியாமலே நல்ல மெஷின்கள் கிலோ கணக்கில் உடைபடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சமீபத்தில் நண்பர் ஒருவர் அப்படிப் போகவிருந்த 12 அங்குல மெஷினை வாங்கினார். அதில் இழைத்த இரண்டு தேக்குப் பலகைகளைப் பக்கம் சேர்த்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. டேபிளின் மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் (மட்டம் பார்க்கும் நேரான இரும்புச் சட்டம்) வைத்துப் பார்த்தோம். மரத்தைச் சீவும் கட்டருக்கு முன்னால், கட்டையை அணைத்துத் தள்ளும் கைடின் ஓரத்தில், 0.4 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக உள்ளே போனது. எல்லோரும் கைடை ஒட்டியே கட்டையைத் தள்ளுவதால் அந்த இடம்தான் முதலில் குழியாகும்.

ஆனால் எல்லா மெஷினிலும் தேய்மானம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. சிலவற்றில், டேபிள் ஏறி இறங்கும் சரிவில் ஆட்டம் கண்டு, வெளிமுனை தொங்கிப் போயிருக்கும். அதற்கு, அந்த ஆட்டத்தைக் குறைக்கும் ஜிப் ஸ்க்ரூவை இறுக்கினாலோ, மெல்லிய பித்தளைத் தகடு கொடுத்தாலோ போதும். இதைப் பார்க்காமல் டேபிளை மெஷினில் தேய்த்து மட்டமாக்கும் கிரைண்டிங்குக்கு அனுப்புவது வீண் செலவு.

நண்பரின் டேபிளைக் கோவையில் சர்பேஸ் கிரைண்டிங் செய்தோம். கிரைண்டிங் மெஷினில் வைக்கும்போது டேபிளின் அடியில் எந்த மூலை படியவில்லையோ அங்கே தகடு கொடுத்த பிறகே போல்ட்டை முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கும்போது டேபிள் வளைந்துகொடுக்கும். வேலை முடிந்து கழற்றியதும் நிமிர்ந்து, மட்டம் போய்விடும். நல்ல கைக்காரர்கள் இதை நாம் சொல்லாமலே செய்வார்கள்.

கை கிரைண்டரில் டிஸ்க் மாட்டித் துருவைத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் பதறுகிறது. துரு போகும், புதுக் குழி விழும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, பிளேடால் சுரண்டி, சமமான கட்டையில் சுற்றிய எமரித் தாளால் தேய்த்தாலே போதும். அப்புறம் மெழுகு தடவித் துடைத்துவிடலாம். சிலிக்கான் ஸ்ப்ரே வேண்டாம். அது மரத்தில் ஏறினால் பாலிஷ் சரியாகப் பிடிக்காது. ஐப்பசி மழையில் ஈரக் கட்டையை இரவு முழுக்க டேபிளில் போட்டுவைத்தால் காலையில் துருப் படிந்திருக்கும்.

இன்று மலிவு விலைக்கு வரும் புது மெஷின்கள் பலவற்றில் தகட்டை வளைத்துத்தான் டேபிள் செய்கிறார்கள். பழைய கனத்த வார்ப்பு அதிர்வை வாங்கிக்கொள்வதைப் போல அவை வாங்கிக்கொள்வதில்லை. ஓடும்போது டேபிளில் கை வைத்தாலே தெரியும்.

ஐடிஐக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபிட்டர் பிரிவு மாணவர்கள் நீல மை தடவி, மேடு பார்த்து, இரும்பைச் சுரண்டி மட்டமாக்கப் பழகுகிறார்கள். தச்சுப் பிரிவு மாணவர்களுக்கு மட்டமான டேபிள் தேவை. ஊர்ப் பட்டறைகளின் பழைய டேபிள்களை வரவழைத்து, இரண்டு பிரிவினரையும் சேர்ந்து செய்யவிடுங்கள். என்னைக் கூப்பிட்டால் ஸ்ட்ரெய்ட் எட்ஜோடு வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
மரப்பட்டறை உரிமையாளர்,
பொள்ளாச்சி.